பானையில் மிஞ்சிய வளையல் துண்டு

வேடசந்தூர் பஸ்ஸில் நான் ஏறினால் அது வழியில் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. ராசி கெட்டவன் என்பதும் ஒரு பேர்தானே. எனக்கு வேறு வகையில் பேர் கிடைக்க வழியில்லை. ஒருநாள் மதினியிடமும் அதைச் சொன்னேன். அவள் வயலில் குத்தவைத்துக் களை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"எத்தனைல எத்தனை?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. எத்தனை தடவை ஏறினாய், அதில் எத்தனை தடவை நின்றது என்று விளக்கிக் கேட்டாள். விரல் விட்டுப் பார்த்தேன். வாழ்நாளில் அந்த பஸ்ஸில் ஏறியதே மூன்று தடவை. நின்றது இரண்டு. அதில் ஒன்று, குறுக்கே எருமை வந்ததற்காக நின்றது.

"நீ ஏறாத அன்னைக்கு அந்த பஸ்ஸு நின்னதே இல்லியாலே?"

அந்த பஸ் யார் ஏறினாலும் நிற்கும். டிரைவர் பாதி நாள் அதற்கு அடியில்தான் படுத்திருப்பார். "அப்ப அது வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த களையைப் பிடித்தாள். நான் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருந்த கெட்ட ராசி இரண்டு வார்த்தையில் போய்விட்டது.

அவளிடம் இரண்டே தீர்ப்பு உண்டு. ஒன்று, "அது வரும்." தானாக நடக்கக்கூடியதுதான், யாரையும் நோகாதே என்று அர்த்தம். இன்னொன்று, "அது சும்மா வராது." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்து தரைக்குப் போய்விடும். அந்தத் தணிந்த குரலில் அந்தத் தீர்ப்பை நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் என்னைப் பற்றித்தான்.

சொந்தம் என்று பார்த்தால் எனக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது. அவள் புருஷனை அண்ணே என்று கூப்பிட்டேன், அதனால் அவள் மதினி. மதினி முறை என்றால் கேலி பேசலாம், திருப்பி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். எனக்கு அது போதும். எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவே. தெற்கே பார்த்தால் சிறுமலை நீலமாகத் தெரியும். அங்கே மழை பெய்வதும் தெரியும். தெரிவதோடு சரி.

நான் கூலிக்குக் கிணற்றில் கமலை ஓட்டினவன். இரண்டு மாட்டைப் பூட்டிச் சரிவில் ஓட்டினால் வடம் இழுத்து, சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். மறுபடி மாட்டைப் பின்னால் தள்ளினால் சால் கீழே போகும். மாடு நடக்கும், கூடவே நான் நடப்பேன். எங்கள் இரண்டு பேரில் அறிவு யாருக்கு அதிகம் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள பழக்கம், அதன் சுவருக்கு மண் சுமந்தது மட்டும்தான்.

படிப்பு மதினிக்கும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுக் கொட்டகையில் கட்டுப் போடும் வேலை பார்த்தவள். அங்கே மேஸ்திரி, கட்டுக்கு ஒரு சுருட்டை உருவிப் பார்ப்பாராம். அது உடைசல் என்றால் பேசாமல் அடுத்த கட்டுக்குப் போவார். ஒரே ஆள் போட்ட கட்டுகளில் அடுத்தடுத்து மூன்று உடைசல் வந்தால்தான் உட்கார்ந்து மொத்தத்தையும் பிரிப்பாராம். ஒன்றுக்கே பிரிக்கிற மேஸ்திரியும் கிறுக்கன், மூன்றுக்கும் பிரிக்காத மேஸ்திரியும் கிறுக்கன் என்பாள். அவள் கேள்வி அங்கேயிருந்து வந்திருக்கலாம். அவளோடு பிறந்ததாகவும் இருக்கலாம்.

செம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கோடாங்கி வருவார். உடுக்கை அடித்துக் குறி சொல்வார். ஒரு வருஷம் எங்கள் ஊரில் ஏழு பேர் பிள்ளை உண்டாகியிருந்தார்கள். ஏழு பேருக்கும் ஆண்பிள்ளை என்றார். ஐந்து பேருக்கு ஆண் பிறந்தது. ஊரே அவர் காலில் விழுந்தது. மதினி மட்டும், பிறப்பதே இரண்டில் ஒன்று, ஏழு பேருக்கும் ஆண் என்றால் மூன்றோ நாலோ தானாக ஒத்துப்போகும், ஐந்தும் வரும் என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினாள். ஊரில் சினை மாடு எட்டு நின்றன. ஒவ்வொரு மாட்டின் முன்னாலும் போய்க் கொட்டையைச் சுண்டினாள். கறுப்பு விழுந்தால் காளைக்கன்று, வெள்ளை விழுந்தால் கிடேரி. எட்டில் ஐந்து சரியாகப் போனது.

வந்தது வினை. மறுவாரம் காலையில் அவள் வாசலில் மூன்று கர்ப்பிணிகள் வெற்றிலை பாக்கோடு நின்றார்கள்.

"அடியே, நான் கொட்டையத்தாண்டி சுண்டுனேன்."

"எங்களுக்கும் அதையே சுண்டுக்கா" என்றாள் ஒருத்தி.

அந்த வரிசையில் நாலாவது ஆள் நான். எனக்குக் கல்யாணம் ஆகுமா என்று கேட்கப் போயிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டே சுண்டினாள். வெள்ளை விழுந்தது. வெள்ளை என்றால் என்ன மதினி என்றேன். வெள்ளை என்றால் வெள்ளை என்றாள்.

பக்கத்து வீட்டில் பத்து முட்டை அடை வைத்து எட்டு குஞ்சு சேவலாகப் போனபோது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்காரி ஒப்பாரி வைத்தாள். பத்தில் எட்டு வரும், குழம்பு வை, அடுத்த அடையிலும் இப்படி வந்தால் கூப்பிடு என்று சொல்லிவிட்டு மதினி போய்விட்டாள். அடுத்த அடையில் ஆறு கோழியும் நாலு சேவலும் வந்தன. அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டேன். செய்வினை ருசியாகத்தான் இருந்தது.

இதெல்லாம் சிரிப்பு. அண்ணன் செத்தபோது அதே கேள்வி சிரிப்பாக இல்லை.

கிணற்றில் தூர் எடுக்க இறங்கியவர்மேல் பாறை சரிந்தது. மூன்றாம் நாள் பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்தார்கள். அவர் இறங்கின அன்று விடியலில் கூரையில் ஆந்தை கத்தியது, எனக்கு அப்போதே தெரியும் என்றாள் ஒருத்தி. மதினி அழுகையை நிறுத்தினாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆந்தை எத்தனை நாளா அங்க கத்துது?" என்று கேட்டாள்.

புருஷன் பிணம் போன வீட்டில் கணக்குக் கேட்கிறாளே என்று ஊருக்கு அவள்மேல் ஒரு பயம் விழுந்தது. எனக்கும்தான். பின்னால் ஒருநாள் யோசித்தேன். நான் யோசிக்கிறது அபூர்வம், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் புருஷனை இறங்க விட்டுவிட்டேனே என்று ஒருத்தி ஆயுசு முழுக்க மறுகாமல் இருக்க, அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு என்ன இருந்தது?

இனிக் கிணற்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும்.

அந்தக் கிணற்றுக்கு ஆறு பங்கு. கரண்டு மோட்டார் எங்கள் பக்கம் வராத காலம். கோடையில் ஊற்று சுருங்கிவிடும். சனிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை வரை பங்குக்கு ஒரு நாள் இறைப்பு. வெள்ளிக்கிழமை கிணறு ஊறட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் சனிக்கிழமைக்காரனுக்கு நாலாம் படி வரை தண்ணீர் நிற்கும். நாளாக ஆகக் குறைந்து வியாழக்கிழமைக்காரனுக்குச் சேறுதான். யாருக்கு எந்த நாள் என்பதை வாராவாரம் வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடிக் கருப்பன் கல்லுக்கு முன்னால் பானை குலுக்கி முடிவு செய்வார்கள்.

பங்குக்கு ஒரு அடையாளம் பானைக்குள் கிடக்கும். ஒருவருக்கு ஓட்டைக் காலணா. ஒருவருக்குச் சோழி. கொட்டைப்பாக்கு, கூழாங்கல், அப்புறம் லாரியில் கிளீனராக இருந்து வந்தவர் போட்ட ஒரு நட்டு. முதலில் வெளியே வருவது சனிக்கிழமை, கடைசியில் மிஞ்சுவது வியாழக்கிழமை. பங்குக்காரர் செத்தால் அவருடைய அடையாளத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வாரிசு புதிதாக ஒன்று வைக்க வேண்டும். வைத்தால் வைத்ததுதான். சாகிறவரை மாற்றக்கூடாது, அது கருப்பனுக்குச் சொன்ன வாக்கு.

அண்ணனுடைய செப்பு மோதிரம் கிணற்றுக்குள் போனது. கருமாதிக்கு மறுநாள், நீ என்ன வைக்கிறாய் என்று பெரியவர் கேட்டார். பெரியவர் என்றால் அண்ணனுக்கு மூத்தவர், ஓட்டைக் காலணாக்காரர், கிணற்றடியில் அவர் வைத்ததுதான் சட்டம். மதினி மடியை அவிழ்த்து ஒரு கண்ணாடி வளையல் துண்டை எடுத்தாள். பச்சைக் கண்ணாடி. முந்தின நாள் அவள் கையில் உடைத்தது. தாலியறுத்தவள் வளையலா, ஆகாது என்று முணுமுணுப்பு எழுந்தது.

"உடைச்சது நீங்கதான. ஒரு துண்டாச்சும் எனக்கு இருக்கட்டும்."

துண்டு பானைக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் மற்ற சாமான்கள் விழுகிற மாதிரி இல்லை.

பெரியவருக்கு அவள் பங்கின்மேல் கண். பிள்ளை இல்லாதவள் தனியாக என்ன வெள்ளாமை பார்ப்பாள், எழுதிக் கொடுத்துவிட்டு வேடசந்தூரில் மில்லு வேலை பார்க்கிற தன் தம்பி வீட்டுக்குப் போகட்டும் என்றார். ஊர் கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னது. இரண்டு கோடை பார்ப்பது. இரண்டில் ஒன்றிலாவது அவள் விளைச்சல் எடுத்துவிட்டால் நிலமும் பங்கும் அவளுக்கே. இரண்டும் கருகினால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மதினி சரி என்றாள்.

பானைக்குள் கை விடுகிற வேலை என்னுடையது. எனக்குக் கிணற்றில் பங்கில்லை, எழுத்துத் தெரியாது, கெட்டிக்காரத்தனம் என்று யாரும் குற்றம் சொன்னதில்லை. ஆகவே நியாயமான ஆள் என்று முடிவு செய்திருந்தார்கள். இருந்தாலும் சந்தேகம் வேண்டாமென்று துண்டால் என் கண்ணைக் கட்டுவார்கள். கண்ணைத்தான் கட்டினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை வளையல் துண்டு இரண்டாவதாக வந்தது. கூடவே என் ரத்தமும் வந்தது. ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. கருப்பனுக்குக் காவு கொடுத்தாச்சு, இனி மழைதான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மதினியும் கொஞ்சம் சிரித்தாள்.

அந்தக் கோடையில் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை பானை குலுக்கினோம். ஒன்பது தடவை வளையல் துண்டு கடைசியில் மிஞ்சியது. அவள் போட்டிருந்த கத்திரி, சேற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, வைகாசியில் விறகாக நின்றது. சாமி அவளைக் கழித்துவிட்டது என்று ஊர் பேசியது. ஆம்பளை இல்லாத பங்கு கருப்பனுக்குப் பிடிக்கவில்லை என்று பெரியவர் சொன்னார். பேச்சு அவள் காதுக்கும் போனது. அவள் தண்ணீருக்கு வரும்போது மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பன்னெண்டுல ஒம்பது" என்றாள். குரல் தரைக்குப் போயிருந்தது. "சும்மா வராது, கொழுந்தனாரே."

பெரியவர் என்னை விலைக்கு வாங்கிவிட்டார் என்று நினைக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. என்னை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள் மதினி, நான் ஓசியிலேயே கிடைக்கிறவன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கருப்பன் கல்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அப்போது நான் சொன்னது பொய் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மழைக்காலம் முழுக்க அவள் வெளியே அதிகம் தலைகாட்டவில்லை. கார்த்திகையில் ஒருநாள் கூப்பிட்டுவிட்டாள். உள்ளே போனால் நடுவீட்டுச் சுவர் முழுக்கக் கரிக்கோடு. வரிசைக்குப் பன்னிரண்டாக நாற்பது வரிசை. ஆறு புளியங்கொட்டையில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் தடவி, பானையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். மஞ்சள் கொட்டை முன்னால் வந்தால் நேர்க்கோடு, கடைசியில் மிஞ்சினால் குறுக்கே இன்னொரு கோடு போட்டுப் பெருக்கல். ஒவ்வொரு வரிசையும் ஒரு கோடை.

நாற்பது கோடையைச் சுவரில் பார்த்தேன். பெரும்பாலான வரிசையில் பெருக்கல் ஒன்றோ இரண்டோதான். சிலதில் ஒன்றுகூட இல்லை. அங்கங்கே மூன்று, நாலு. ஒரே ஒரு வரிசையில் ஐந்து.

"ஒம்பது எங்கன இருக்கு, காட்டு பாப்போம்" என்றாள்.

இல்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை. எழுத்துத் தெரியாத என்னாலும் அந்தச் சுவரைப் படிக்க முடிந்தது.

பிறகு தானியம் புடைக்கிற சுளகு ஒன்றை என் முன்னால் வைத்தாள். ஓட்டைக் காலணா, சோழி, பாக்கு, கூழாங்கல், நட்டு எல்லாம் கிணற்றடியில் உள்ளது மாதிரியே எங்கெங்கோ தேடிச் சேர்த்திருந்தாள். அதே பச்சை வளையலின் இன்னொரு துண்டும் இருந்தது. என் கண்ணைக் கட்டி, எடு என்றாள். பானை இல்லாமல் சுளகு எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கை எங்கே போகிறது என்று பார்க்கத்தான். எடுத்தேன். மறுபடி கலைத்து எடுக்கச் சொன்னாள். ஆறேழு தடவை ஆகியிருக்கும்.

"ஏலே" என்றாள் கடைசியில், மெதுவாக. "தொட்டுட்டு ஓடுதுலே."

கட்டை அவிழ்த்தேன். சுளகில் வளையல் துண்டு மட்டும் கிடந்தது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திருப்பினாள். முதல் வாரம் குத்தின இடத்தில் சின்னத் தழும்பு. அந்தக் கண்ணாடி விளிம்பு பட்டதும் விரல் சுருக்கென்று விலகிப் பக்கத்தில் உள்ளதை எடுக்கிறது. எனக்குத் தெரியாது. என் மண்டைக்கு ஒன்றும் தெரியாது. நான் மாட்டின் பேரையே மாற்றிக் கூப்பிடுகிறவன். என் உடம்பிலேயே ஞாபகசக்தி உள்ள ஒரே உறுப்பு அந்த விரல்தான், அது ஒரு பொம்பளையின் வெள்ளாமையை எரித்துவிட்டது.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் சிரித்தாள். அண்ணன் போன பிறகு அப்படி வாய்விட்டு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சாமி கழிக்கல" என்றாள். "சாமி இல்லலே, உன் வெரலு."

அடுத்த கோடைக்கு அவள் வெங்காயம் போட்டாள். முதல் வெள்ளிக்கிழமை கிணற்றடியில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடு என்றாள். சொன்னேன். என் விரல் வளையலைக் கண்டு பயப்படுகிறது, அதனால்தான் மதினிக்குக் கடைசி வருகிறது என்றேன். கிணற்றடியே குலுங்கியது. நட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் எல்லாரையும் சிரிக்க வைத்துப் பழகின வாய், நிஜத்தைச் சொன்னாலும் சிரிப்பாகத்தான் வந்தது. மதினி, அடையாளத்தையாவது மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டாள். வாக்கு வாக்குதான் என்றார் பெரியவர். என் கண்ணைக் கட்டினார்கள்.

பானைக்குள் கை போனது. இந்தத் தடவை நான் விரலை ஓட விடவில்லை. தேடிப் பிடித்து, குத்தினாலும் பரவாயில்லை என்று அந்தத் துண்டை முதலில் எடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பாவம் போகட்டும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே முதலில் எடுத்தேன். அதற்கடுத்ததும். ஐந்து வாரம் சனிக்கிழமைத் தண்ணீர் அவளுக்கு. வெங்காயத் தாள் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. கருப்பன் கண் திறந்துவிட்டான் என்று ஊர் பேசியது. குடத்தை நகர்த்தின பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று தண்ணீர் பாய்ந்தால் காய் திரண்டுவிடும். நிலம் அவளுக்கு.

ஆறாவது வெள்ளிக்கிழமை. என் கண்ணைக் கட்டத் துண்டை எடுத்தார்கள். மதினி முன்னால் வந்தாள்.

"அஞ்சுல அஞ்சு" என்றாள். அதே தணிந்த குரல். "இதுவும் சும்மா வராது. இவன் எனக்காகப் பாத்து எடுக்கான். கூழாங்கல்லு வீட்டு மொளகா வாடிக் கெடக்கு, நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

அந்த வீட்டுக்கு ஐந்தில் இரண்டு வாரம் கடைசி வந்திருந்தது. கூழாங்கல்காரர் மகன் என்னை ஒரு அறை விட்டான். நியாயமான அறை. இப்போதுதான் எல்லாரும் நம்பினார்கள். போன கோடையில் நடந்ததையும் சேர்த்தே நம்பினார்கள். நம்பி என்ன செய்ய, கத்திரிதான் கருகிவிட்டதே.

இனி அடையாளம் எதுவும் வேண்டாம், ஆறு புளியங்கொட்டை போதும் என்றாள் மதினி. ஒரே அளவாகப் பொறுக்கி, ஒரு பக்கம் தேய்த்து, மசியால் ஒன்று முதல் ஆறு வரை புள்ளி வைத்தாள். ஒன்று என்றால் சனிக்கிழமை, ஆறு என்றால் வியாழக்கிழமை. அவரவர் கையாலேயே எடுக்க வேண்டும். பெரியவரால் மறுக்க முடியவில்லை. முதலில் அவர் எடுத்தார், மூன்று புள்ளி. நட்டுக்காரருக்கு ஒன்று. மூன்றாவதாக மதினி கையை விட்டாள். நான் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் நிற்கவில்லை, தேடவில்லை. எடுத்து உள்ளங்கையை விரித்தாள்.

ஆறு புள்ளி.

சாமி மறுபடியும் சொல்லிவிட்டது என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். மதினி கருப்பன் கல்லை ஒரு பார்வை பார்த்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு, "ஆறுல ஒண்ணு" என்றாள். "வரும்."

தீர்ப்பு முதல் தீர்ப்பு. குரல் மட்டும் இரண்டாவது தீர்ப்பின் குரல். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் குரலை நான் சுமந்துகொண்டு அலைகிறேன்.

போன வாரம் சனிக்கிழமை பாய்ந்த வயலுக்கு அடுத்த தண்ணீர் வியாழக்கிழமை. நடுவில் பன்னிரண்டு நாள், சித்திரை வெயில். வெங்காயத்துக்கு வேர் மேலாக்கத்தான் ஓடும், பன்னிரண்டு நாள் தாங்காது. வீட்டுக் குடத்தில் சுமந்து ஊற்றினோம், அவளும் நானும். வியாழக்கிழமை சால் சேற்றைத்தான் கொண்டுவந்தது. தாள் நுனியிலிருந்து வெள்ளையாகி மடிந்தது. பிடுங்கிப் பார்த்தால் காய் கோலிகுண்டு அளவு. வியாபாரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

பேசாமல் இருந்திருந்தால் அந்த வாரமும் முதல் தண்ணீர் உனக்குத்தானே மதினி, ஏன் வாயைத் திறந்தாய் என்று கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது வந்தப்ப சாமி இல்லன்னேன். அஞ்சு வந்தப்ப மட்டும் சாமின்னுட்டு இருக்கவா?"

எனக்கு வேடிக்கை பேச வரவில்லை. வேடசந்தூர் பஸ் வந்தது. சாக்கை மேலே ஏற்றினேன். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, நானும் படியில் ஏறி நின்றேன். நான் ஏறினால் நிற்கும் என்ற பஸ். நிற்கட்டும், ஒருநாளாவது நிற்கட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எறங்குலே, கோட்டி" என்றாள்.

இறங்கினேன். ஒரு உறுமல்கூடத் தவறாமல் பஸ் கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அவள் வீடு பெரியவர் கைக்குப் போவதற்கு முந்தின நாள் உள்ளே போனேன். சுவர் அப்படியே இருந்தது. நாற்பது வரிசைக்குக் கீழே நாற்பத்தோராவதாக ஒரு வரிசை புதிதாகத் தொடங்கியிருந்தாள். அதில் ஒரே ஒரு பெருக்கல். ஆறு புள்ளி வந்த வெள்ளிக்கிழமை. மீதிப் பதினோரு இடம் காலி.

அதாவது, வரும் என்று சொன்னவள், வீட்டுக்கு வந்து சோதிக்கத் தொடங்கியிருக்கிறாள். மேற்கொண்டு ஏன் போடவில்லை என்று தெரியவில்லை. நேரம் இல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை, பன்னிரண்டும் போட்டு முடித்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயம் வந்திருக்கலாம். கருப்பன் கல்லைப் பார்த்த அந்தப் பார்வை எனக்கு ஞாபகம் வந்தது.

ஆறு கொட்டையை ஒரே அளவாகப் பொறுக்கித் தேய்த்துப் புள்ளி வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவள் விட்டுப்போன பானை மூலையில் இருந்தது. சுவருக்கு முன்னால் குத்தவைத்து, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, பதினோரு தடவை கை விட்டேன். ஒவ்வொரு தடவையும் கட்டை அவிழ்த்துப் புள்ளியைப் பார்த்து, கொட்டையைத் திரும்பப் பானையில் போட்டுவிட்டுக் கரியால் கோடு போட்டேன். நான் வாழ்க்கையில் முதல்முதலாக எழுதியது அதுதான். ஆறு புள்ளி ஒரே ஒரு தடவை வந்தது. அவள் போட்டதையும் சேர்த்தால் பன்னிரண்டில் இரண்டு. மேலே இருந்த நாற்பது வரிசையில் எதற்குப் பக்கத்தில் வைத்தாலும் அதுவும் ஒரு வரிசை.

"வரும், மதினி" என்று சுவரிடம் சொன்னேன்.

பெரியவர் மறுவாரம் சுண்ணாம்பு அடித்தார். மழைக்கு மழை, கரி அதற்குமேல் ஊறி வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. கருப்பன் ஒதுக்கின பொம்பளை வீட்டுச் சுவர், அதுதான் இப்படி என்று ஊரில் சொன்னார்கள். கரிக்குமேல் சுண்ணாம்பு அடித்தால் எந்த வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். சிரித்தார்கள்.

நான் எழுத்துக் கூட்டக் கற்றதும், நயா பைசா வந்து அந்த ஓட்டைக் காலணா செல்லாமல் போனதும், கிணற்றுக்கு மோட்டார் வந்து பானை உடைந்ததும் எல்லாம் பிறகு. ஆனால் அந்தப் பதினோரு தடவை மட்டும் இன்னும் என் கைக்குள் இருக்கிறது. பானைக்குள் இருட்டில் துழாவியபோது, ஒரு தடவையாவது குத்தும், சுருக்கென்று விலகும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். விரல் எங்கேயும் தயங்கவில்லை.